கணவரின் வருமானம், தோராயமாக

கார்னர் புரூக்
பிப்ரவரி 6

அன்புள்ள டெரல்,

நானும் மேவும் நலம். அவளுக்குச் சளி விட்டது, எனக்குப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் முகாமிலிருந்து நீ போன் செய்யும்போது உன் சம்பளப் பேச்சை எடுத்தாலே "சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், அதனால் எழுதுகிறேன்.

மார்ச்சில் எனக்குச் செவிலியர் படிப்பு தொடங்குகிறது. மேவுக்குப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இந்த மாதக் கடைசிவரைதான் பிடித்துவைப்பார்களாம். அரசு மானியம் இல்லாமல் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாது. கிடைக்குமா என்று பார்க்க இணையத்தில் ஒரு கணக்கீட்டுப் பக்கம் இருக்கிறது. பிள்ளையின் வயது, ஊர், என் வருமானம் எல்லாம் போட்டுவிட்டேன். உன் வருமானம் என்ற இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. நீ இலையுதிர்காலத்தில் ஒரு தொகை சொன்னாய், கிறிஸ்துமஸில் வேறு சொன்னாய். எதைப் போட்டாலும் "உங்களுக்குத் தகுதி இல்லாமல் இருக்கலாம்" என்கிறது. இருக்கலாமாம்! திட்டவட்டமாக மறுக்கக்கூட அதற்கு மனசில்லை.

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை அனுப்பு.

உன் ஜெனீன்


பிப்ரவரி 14

என் செல்ல ஜெனீன்,

காதலர் தினத்தில் சம்பளச் சீட்டு கேட்கிற ஒரே மனைவி நீதான்! மேவுக்கு ஒரு கம்பளிக் குல்லா இத்துடன் வைத்திருக்கிறேன்.

சீட்டெல்லாம் முகாம் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. போன வருடத் தொகையையே போட்டுவிடு. ஓவர்டைம் ஏறும், இறங்கும், அதை யார் துல்லியமாகச் சொல்ல முடியும்? மானியம் இல்லை என்றால் இல்லை. அரசாங்கத்திடம் நாம் ஏன் கையேந்த வேண்டும்? படிப்பை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளேன்.

கடிதங்களை எட்மன்டன் தபால் பெட்டிக்கே அனுப்பு. முகாமுக்கு அனுப்பினால் தொலைந்துவிடுகிறது.

உன் டெரல்


பிப்ரவரி 20

டெரல்,

அடுத்த வருடமா? போன வருடமும் இதைத்தானே சொன்னாய்?

நேற்று மேவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பனிச்சேற்றில் வழுக்கி வழுக்கி மானிய அலுவலகத்துக்குப் போனேன். பெல்லி என்று ஒரு அம்மாள். நல்ல மாதிரிதான், ஆனால் அசைய மாட்டாள்.

"வீட்டுக்காரர் என்ன வாங்குறாரு?"

"மேற்குல மணல்லேர்ந்து எண்ணெய் எடுக்கிற முகாம்ல இருக்காரு. ஓவர்டைம் மாறிக்கிட்டே இருக்குமாம்."

"மாறட்டுமே. மாறினதையே குடுங்க."

"தோராயமா சொன்னா ஆகாதா?"

"வீட்ல உக்காந்து தட்டிப் பாக்குறதுக்குத் தோராயம் போதும்மா. எனக்குச் சீட்டு வேணும். போன வருஷம் நிறைய வாங்கி இப்ப குறைஞ்சிருந்தாலும் சொல்லுங்க, இப்ப உள்ளதையே பாப்போம்." அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறாருன்னு உங்களுக்கே தெரியாதா?"

வரிசையில் பின்னால் நின்றவன் களுக்கென்று சிரித்தான். மேவ் அந்த அம்மாளின் பேனாவைப் பிடுங்கிக் கீழே போட்டாள். எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை உன் கம்பெனிச் சம்பளப் பிரிவுக்கு நானே போன் செய்யப்போகிறேன்.

ஜெனீன்


பிப்ரவரி 25

ஜெனீன்,

கம்பெனிக்குப் போன் செய்யாதே, தயவுசெய்து. சீட்டை எப்படியாவது அனுப்புகிறேன். இரண்டு வாரம் பொறு.

டெரல்


பிப்ரவரி 28

டெரல்,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நான் திங்கட்கிழமையே பேசிவிட்டேன்.

ஒரு சின்னப் பெண் எடுத்தாள். "டெரலா? அவருக்கு அக்டோபர்லயே வேலை போயிடுச்சே! அந்த ஷிஃப்டையே மொத்தமா எடுத்துட்டாங்க. நீங்க யாரு பேசுறது?"

மனைவி என்று சொல்ல நாக்கு எழவில்லை. "தெரிஞ்சவங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்து முகாம் சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு குறை சொன்னாயே, அது எந்த முகாம்? மாதாமாதம் எனக்கு வரும் பணம் யாருடையது? கடனா?

வேலை போனது உன் தப்பில்லை. இந்த ஊரில் வேலை போகாத வீடு எது? ஆனால் இல்லாத சம்பளத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதமாக அந்தக் கணக்கீட்டுப் பக்கத்தோடு மல்லுக்கட்டினேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் படிப்பை விட்டாலும் பரவாயில்லை, உன் பெருமை குலையக் கூடாது, அப்படித்தானே?

போன் அடிக்கிறாய், நான் எடுக்கப்போவதில்லை. எடுத்தால் கத்துவேன், மேவ் பயப்படுவாள். எழுது.

காப்பக நிர்வாகியிடம் கெஞ்சி இன்னும் இரண்டு வாரம் வாங்கியிருக்கிறேன். படிப்பின் முதல் நாட்களுக்குப் பக்கத்து வீட்டு லொரெய்ன் மேவைப் பார்த்துக்கொள்வாள். அதற்கு மேல் என்னிடம் வழியில்லை.

ஜெனீன்


மார்ச் 7

ஜெனீன்,

மூன்று சீட்டு இத்துடன் இருக்கிறது. எட்மன்டனில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். தொகையைப் பார்த்தால் உனக்கே புரியும். அந்த அம்மாளிடம் கொடு, ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. உனக்கு அனுப்பியதில் பாதி என் டிரக்கை விற்ற பணம்.

ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுப்பேன். நீ "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்பாய். "சூப்பராப் போகுது" என்று வாயில் வந்துவிடும். அடுத்த வாரம் அதற்கு ஏற்றமாதிரி இன்னொன்று.

மானிய விண்ணப்பத்தை இங்கே நூலகக் கணினியில் திறந்து பார்த்தேன். "துணைவர் உங்களுடன் வசிக்கிறாரா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. நீ அதற்கு என்ன போடப்போகிறாய் என்று தெரியவில்லை. தெரிந்த பிறகுதான் ஊருக்கு டிக்கெட் எடுப்பேன். இல்லை என்று போட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

டெரல்


மார்ச் 13

டெரல்,

சீட்டுகளைக் கொடுத்துவிட்டேன். பெல்லி அம்மாள் மூன்றையும் விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு அலைச்சல்?" என்றாள். மானியம் கிடைக்கும். நீ அந்த வேலையை விட்டு வந்து, இங்கே வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்தாலும் கொஞ்ச காலத்துக்கு மானியத்தை நிறுத்த மாட்டார்களாம், கேட்டுக்கொண்டேன்.

மேவ் திங்களன்று காப்பகம் போகிறாள். சந்தோஷப்பட எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. உன்மேல் கோபம் அப்படியே இருக்கிறது. வந்தால் சோபாவில்தான் படுக்கை, எத்தனை நாளுக்கு என்று கேட்காதே.

துணைவர் உடன் வசிக்கிறாரா என்ற அந்தக் கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளும் அவசரப்படுத்தவில்லை.

ஆமாம் என்று போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

ஜெனீன்