குனிகிறவனுக்கு எடுத்த அளவு

தாராவி, பம்பாய் – 17
13.11.1988

அன்புள்ள நஜிமுதீன் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, நான், தையல் மெஷின் மூன்று பேரும் நல்ல சுகம். வாப்பா சுகமா என்று நீ கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன்.

உன் கடிதத்தை உம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வழக்கம்போல வாப்பா எழுந்து போய்விட்டார். வாசல் வரைக்கும்தான். அங்கே நின்று செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் கிடந்தது. தோல் பட்டறையில் உட்காரமாட்டேன், மோட்டார் சைக்கிள்தான் ஓட்டுவேன் என்று நீ சண்டை போட்டு மெட்ராஸுக்குப் போனாயே, அதிலிருந்து உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்தச் செருப்பு தொலைந்து போகிறது.

முதலில் உலகச் செய்தி. கிங்ஸ் சர்க்கிள் பழைய புத்தகக் கடையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கிடைத்தது. சூப்பர்பைக் வண்டிகளுக்கு இந்த வருஷம்தான் முதன்முதலாக உலகப் போட்டி நடக்கிறதாம், தெரியுமா? ரேஸுக்கென்றே தனியாகச் செய்த வண்டிகளுக்கு இடமில்லை. கடையில் விற்கிற வண்டியைத்தான் முடுக்கி ஓட்டவேண்டும். நடுப்பக்கத்தில் ஒரு படம். வண்டி கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. ஓட்டுகிறவருடைய முட்டி தார்ரோட்டில் உரசுகிறது. பார்த்தபோது கையிலிருந்த வேர்க்கடலையைச் சாப்பிட மறந்துவிட்டேன். என் சரித்திரத்தில் இப்படி நடந்ததே இல்லை.

இத்தாலிக்காரர் ஒருவர் ஒரு சின்னக் கம்பெனி வண்டியில் எல்லாரையும் அடித்துக்கொண்டு போகிறார். ஹோண்டா வண்டியில் ஓர் அமெரிக்கக்காரர் அவர் பின்னாலேயே வருகிறார். ஜெயிக்கப்போவது ஆளா, கம்பெனியா? நான் கம்பெனி என்கிறேன். நீ ஆள் என்பாய். ஏனென்றால் உனக்குக் கம்பெனி கிடையாது, நம்பிராஜன் அண்ணாச்சியின் கராஜும் ஓட்டை 350 சி.சி. வண்டியும்தான்.

இனி உன் ரகசிய வேலை. குர்லாவில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிற சிராஜ், நீ இரவல் வாங்கிக் கொடுத்தனுப்பிய வெளிநாட்டு மாதிரி உடையைக் கொண்டுவந்து சேர்த்தார். முழுத் தோல் உடை இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்று அண்ணாச்சி சொன்னது நியாயம். போன ரேஸில் முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தவன் விழுந்து தோலை ரோட்டுக்குத் தானம் கொடுத்தாயே. உனக்கென்று சொன்னால் வாப்பா கத்தரிக்கோலைத் தொடமாட்டார். அதனால் வெயிலுமுத்து என்று ஒரு சினிமா சண்டைக்காரரைப் பெற்று வளர்த்துவிட்டேன். வீடு செம்பூர். ரொம்பக் கூச்ச சுபாவம், அளவு கொடுக்க வரமாட்டார். ஏக்தம் பக்காவான கதை. வாப்பா அப்படியே நம்பிவிட்டார்.

உடையைத் தொங்கவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “கை மடங்கியிருக்கு, முதுகு நீண்டு கிடக்கு, முன்பக்கம் கட்டை. இதப் போட்டவன் கூனனாட்டி?” என்றார். கப்பலில் மடங்கிக் கிடந்து கோணிவிட்டதாம். நம் பட்டறையிலிருந்து கோணல் வேலை வெளியே போகாது, நிமிர்த்தித் தைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

நடுநடுவே கேள்வி வேறு. “ஒங்க வெயிலுமுத்து ஒழுங்காச் சாப்பிடுதாரா? மெலிஞ்சிருப்பாரோ?” என்கிறார். நான் என்ன கண்டேன். பிரியாணி என்றால் உயிர் என்று சொல்லிவைத்தேன்.

கம்பெனிதான் ஜெயிக்கும் என்று நம்பும்,
சாயிரா

மெட்ராஸ்
18.12.1988

அன்புத் தங்கை சாயிராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். வாப்பா சுகமா? கேட்டுவிட்டேன், சொல்.

உடை வந்தது. பிரித்ததும் கராஜே கூடிவிட்டது. இப்படி ஒரு தையலை இங்கே யாரும் பார்த்ததில்லை. முட்டியில் இரண்டு மடங்கு தோல், அதன்மேல் பொடித் தையல். அண்ணாச்சி விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தடவினார்.

போட்டுக்கொண்டு நின்றேன். உடம்பில் ஊற்றினதுபோல இருக்கிறது. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நீ அளவு கொடுத்தாயா? மாதிரி உடை எனக்குப் பெரிது என்றாலும் அதையே பார்த்துத் தைத்தால் போதும் என்றுதானே எழுதியிருந்தேன். சின்ன வயதில் பட்டறைப் பரணிலிருந்து விழுந்து கை ஒடிந்ததில் என் இடது தோள் கொஞ்சம் தாழ்ந்துபோனது. அது உனக்கே தெரியாது, அப்போது நீ தொட்டிலில். இந்த உடையில் இடது தோள் சரியாக அந்த அளவுக்கு இறக்கி வெட்டியிருக்கிறது.

இனி கெட்ட செய்தி. இதைப் போட்டுக்கொண்டு நிற்கலாம், நடக்கலாம், நிக்காஹ்வுக்குக்கூடப் போகலாம். வண்டியில் குனிய முடியவில்லை. குனிந்தால் முதுகு பிடித்து இழுக்கிறது, கழுத்து நெரிகிறது, தலையைத் தூக்கி ரோட்டைப் பார்க்க முடியவில்லை. அந்த மாதிரி உடை கோணிப் போனதல்ல, சாயிரா. வண்டியில் கவிழ்ந்து படுத்தால்தான் அது நேராகும். அதற்கென்றே அப்படி வெட்டுவார்கள். வாப்பா அதை நிமிர்த்திவிட்டார்.

குற்றம் சொல்லவில்லை. அவர் என்னை வண்டிமேல் பார்த்ததே இல்லையே.

பிப்ரவரியில் சோழவரம் ரேஸ். இந்தத் தடவையும் கடைசிக் கோட்டைத் தாண்டி முடிக்காவிட்டால் வண்டியை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார். மாதிரி உடையை இரவல் கொடுத்தவனும் அதே ரேஸில் ஓட்டுகிறான், அதனால் அவன் உடை கிடைக்காது. வாப்பா தைத்த உடையைச் சிராஜிடம் திருப்பி அனுப்புகிறேன். உன்னால் ஏதாவது முடிந்தால் செய். முடியாவிட்டால் பத்திரமாக வைத்துக்கொள். வாப்பா மனதை நோகடிக்காதே.

ஆள்தான் ஜெயிப்பான் என்று இன்னும் நம்பும்,
நஜிமுதீன்

தாராவி
22.1.1989

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா சுகம். எவ்வளவு சுகம் என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி.

உடையை மேஜையில் வைத்து, “வெயிலுமுத்துவால குனிய முடியலையாம் வாப்பா” என்றேன்.

“சண்டைக்காரன் எதுக்குட்டி குனியணும்? நிமிந்துல்லா நிக்கணும்.”

எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது, காக்கா. என் வாழ்க்கையில் முதல் தடவை. அந்தப் பத்திரிகைப் படத்தை எடுத்துத் தோல் வெட்டுகிற பலகைமேல் விரித்தேன்.

வாப்பா கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

“இவன் விழுதானா?”

“இல்ல வாப்பா. ஜெயிக்கிறாரு.”

“இப்படிச் சாஞ்சவன் எந்திரிச்சிருவானா?”

“எந்திரிச்சு அடுத்த பக்கம் சாய்வாரு.”

தெருவில் தண்ணீர்க் குழாய்ச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் வாப்பா படத்தையே பார்த்தார். நானும் ஆயிரம் தடவை பார்த்த படம்தான். ஆனால் அன்றைக்கு அவர் பார்ப்பதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. பெரிய பள்ளிவாசலுக்குள் முதல்முதலாக நுழைகிறவரின் முகம்.

பிறகு படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். “வெயிலுமுத்தும் இப்படித்தான் சாய்வாரா?”

“இன்னும் இவ்வளவு சாயத் தெரியாது வாப்பா. பழகிக்கிட்டு இருக்காரு” என்றேன்.

“இந்தச் சட்டையில ஆள் பேரு இருக்கு, கம்பெனி பேரு இருக்கு. தச்சவன் பேரு எங்க?” என்றார். நம் சண்டையில் மூன்றாவதாக ஒரு கட்சி புகுந்துவிட்டது பார்.

மறுநாளே டேப், சாக்பீஸ், நான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு குர்லாவில் சிராஜ் கடைக்குப் போனார். அங்கே ரிப்பேருக்கு ஒரு பெரிய வண்டி நின்றது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாப்பா அதில் ஏறினார். சிராஜ் வாயை மூட ஒரு ஸ்பேனர் தேவைப்பட்டது. வாப்பா பெட்ரோல் டாங்கியின் மேல் நெஞ்சை வைத்துக் கவிழ்ந்து கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, “கழுத்துலருந்து இடுப்பு வர அளட்டி. அவனுக்கும் எனக்கும் ஒரே முதுகுதான்” என்றார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வெயிலுமுத்து அந்த நிமிஷமே மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி. நல்ல மனுஷர்.

அளந்தோம். நிற்கிற முதுகுக்கும் குனிகிற முதுகுக்கும் நாலு விரல் வித்தியாசம். அளந்து முடித்த பிறகும் வாப்பா எழுந்திருக்கவில்லை.

“வாப்பா, போதும்.”

“இரு. இங்கருந்து பாத்தா ரோடு மட்டுந்தாம்ட்டி தெரியுது.”

அப்படியே கிடந்தார். சிராஜ் டீ சொல்லி, டீ வந்து, ஆறியும் போனது.

திரும்பி வந்து முதுகைப் பிரித்துப் புதுத்தோல் வைத்துத் தைத்தார். கையை மடக்கினார், முன்பக்கத்தைக் குறைத்தார். தொங்கவிட்டால் இப்போது அசல் கூனன்தான். உம்மா அதைப் பார்த்து, “நல்லா இருந்ததக் கெடுத்துட்டீங்களே” என்றார். “ஒனக்குத் தெரியாது, சும்மா இரு” என்று வாப்பா பெரிய ரேஸ்காரர் மாதிரி சொன்னார்.

உலகச் செய்தியும் வந்துவிட்டது. பட்டம் ஹோண்டாவுக்கும் அந்த அமெரிக்கக்காரருக்கும். எல்லாரையும்விட அதிக ரேஸ் ஜெயித்தது அந்த இத்தாலிக்காரர்தான். கடைசியாக நியூசிலாந்துக்குப் போகும்போதும் அவர்தான் முன்னால். அங்கே போய் விழுந்துவிட்டார். ஹோண்டாக்காரர் ஒவ்வோர் ஊரிலும் விழாமல் நிற்காமல் முடித்து முடித்தே ராஜாவாகிவிட்டார். விழுந்தவரைப் பற்றிப் படித்தபோது யார் ஞாபகம் வந்தது என்று சொல்லமாட்டேன். நீ முடி. ஜெயிக்காவிட்டால் போகிறது.

இன்னொரு சின்னத் தகவல். பிப்ரவரியில் தோல் பார்க்க அம்பர்நாத்துக்குப் போகிறேன் என்கிறார் வாப்பா. நாலு நாள் ஆகுமாம். லோக்கல் ட்ரெயினில் காலையில் போனால் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடக்கூடிய ஊர். பொய் சொல்வதில் நான் யார் மகள் என்று இப்போதுதான் தெரிகிறது.

மறைந்த வெயிலுமுத்துவின் ஒரே வாரிசு,
சாயிரா

மெட்ராஸ்
14.2.1989

அன்புத் தங்கை சாயிராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். முடித்தேன்.

நாலாவது இடம். மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம், அதனால் கோப்பை இல்லை. ஆனால் வண்டி அடுத்த வருஷமும் எனக்குத்தான் என்று அண்ணாச்சி சாவியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

முன்னால் போன மூன்றும் ஒரே கம்பெனி வண்டிகள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்று போன கோட்டிலேயே அடுத்தது, அது போன கோட்டிலேயே அதற்கடுத்தது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சத்தம். போன வருஷமாயிருந்தால் வயிறு எரிந்து, முந்தப் பார்த்து விழுந்திருப்பேன். இந்தத் தடவை பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவ்வளவு அழகு. ஆளா கம்பெனியா என்ற சண்டையில் உனக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். மிச்சப் பாதிக்கு நீ சொன்ன அந்த மூன்றாவது கட்சி உரிமை கொண்டாடுகிறது. குனிந்ததும் உடை மறைந்துவிட்டது, சாயிரா. போட்டிருக்கிறேன் என்பதே மறந்துபோனது. வாப்பா சொன்னது சரி. அங்கிருந்து பார்த்தால் ரோடு மட்டும்தான் தெரியும்.

முடித்துவிட்டு இறங்கினால் நிமிர முடியவில்லை. அந்த உடை நிற்கவிடாது. கூனிக்கொண்டே கயிற்றோரம் நடந்தேன். முதலில் ஒரு கைலி தெரிந்தது. அப்புறம் உம்மாவின் தூக்குச்சட்டி. அதற்குமேல் தலையைத் தூக்க உடை விடவில்லை. தூக்காமலே யார் என்று தெரிந்துவிட்டது.

ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார். இரண்டு வருஷத்தில் எனக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை.

அப்புறம் அங்கேயே புழுதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தையலைப் பார்த்தார். கணுக்காலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டிக்கொண்டு மேலே வந்தார். முட்டியில் வைத்திருந்த இரட்டைத் தோலில் விரல் நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அடி இல்லாமல் மகன் திரும்பி வந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

“முட்டி தேயவே இல்லியேலே. இன்னும் கொஞ்சம் சாஞ்சிருக்கலாம்.”

அன்புடன்,
நஜிமுதீன்