கிழட்டு ஆலாவும் ஒரு கவுளி வெற்றிலையும்

பிப்ரவரி 9, 2025
பரமத்தி வேலூர் காவிரியில் மணல் திட்டு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆலாக்கள் வந்துவிட்டன. கடற்பறவை இனம்தான், இவை ஆற்றோடு தங்கிவிட்டவை. இடது காலில் விரல் இல்லாத அந்த ஆண் ஆலாவும் வந்திருக்கிறது. பத்தாவது வருஷமாகப் பார்க்கிறேன். இந்த முறை ஜோடி இல்லை. கிழவனுக்கு இனி யார் கிடைப்பாள்?

பிப்ரவரி 12
வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குழந்தைவேல் இன்றும் ஒரு கவுளி வெற்றிலையைக் கேட்டில் வைத்துவிட்டுப் போனார். அறுபத்திரண்டு வயது, மனைவி போய் ஆறு வருஷம். போன வாரம் நேராகவே கேட்டுவிட்டார்: "டீச்சர், மிச்ச நாளைக்குச் சேர்ந்து இருந்துக்கலாமுங்களா?" புருஷனை இழந்தவள் வெற்றிலை வாங்கக் கூடாதாம். கவுளியின் நூறு இலையையும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். ஏன் போட்டேன்? முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள் நான்!

பிப்ரவரி 16
சேலத்திலிருந்து மகன் குணசீலன் வந்தான். யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். "அம்பத்தெட்டு வயசுல உனக்கு இது தேவையாம்மா? ஊரு என்ன பேசும்?" பத்து நாள் காய்ச்சல்ல கெடந்தேனே, அப்ப ஊரு வந்து கஞ்சி வெச்சுதா? இவன்தான் வந்தானா?

மார்ச் 2
விரலில்லாதவன் மீனைக் கவ்விக்கொண்டு ஒரு பெண் ஆலாவின் முன்னால் நிமிர்ந்து நடந்தான். அவள் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் ஓர் இளவட்டம் மூன்று தடவை மீனைத் தவறவிட்டது. இவன் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. வயதானால் கைதேறுகிறது! நாலாவது மீனை அவள் வாங்கி விழுங்கினாள். கரையில் நின்று கைதட்டினேன், பைத்தியக்காரி மாதிரி.

மார்ச் 9
நாத்தனார் செல்லியம்மாள் வீட்டுக் கல்யாணம். தாம்பூலத் தட்டு வரிசையாக வந்து என்னை மட்டும் தாண்டிப் போனது. "சாமி, இங்க கொண்டா" என்றேன் தட்டு ஏந்திய பையனிடம். எடுத்துச் சுண்ணாம்பு தடவி, எல்லார் முன்னாலும் வாயில் போட்டேன்.

"ஏனுங்க நங்கை, இது நல்லாவா இருக்குது?" என்றாள் செல்லியம்மாள்.

"கொஞ்சம் காரம். கொழந்தவேலு கொடிக்கா வெத்தலை இன்னும் நல்லா இருக்கும்."

குணசீலன் எழுந்து வெளியே போனான். போகட்டும்.

மார்ச் 10
கேட்டில் கவுளி. எடுத்து உள்ளே வைத்தேன்.

ஏப்ரல் 20
குணசீலன் இன்னும் பேசவில்லை. திட்டில் விரலில்லாதவனின் ஜோடிக்கு மூன்று முட்டைகள். கரையிலிருந்தே பைனாகுலரில் காட்டினேன்.

"இதுல யாருங்க அடைகாக்கறது?" என்றார் குழந்தைவேல்.

"ரெண்டு பேருந்தான். மொறை போட்டு."

வீட்டுக்கு வந்ததும் அவரே உலை வைத்தார். நேற்று என் முறை.