பழைய டேங்கும் என் புருவமும்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்தித் தொலைக்காதீர்கள்.

இந்த வடநாட்டுப் பட்டறைக்கு அரிதான பழைய ஜப்பான் பைக்கின் பெட்ரோல் டேங்க் வந்தது. உள்பக்க வெல்டிங்கைப் பார்த்தால்தான் அசலா போலியா என்று தெரியும். காய்ந்த டேங்க்தானே என்று முகர்ந்துகூடப் பார்க்காமல் வயரில் எரியும் பல்பை உள்ளே விட்டேன். பல்பு உடைந்து, உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் ஆவி பற்றி, தீ குப்பென்று முகத்தில் அடித்தது. புருவம் போனது, வளர்ந்துவிடும்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்ததும், "டேங்க் ஒரிஜினலாடா?" என்றார்.

"ஒரிஜினல்தான் சார். என் மூஞ்சிதான் இப்ப டூப்ளிகேட்."

சிரித்துவிட்டுப் போனவர், பிறகு வரவில்லை.

அம்மாவிடம் புருவத்தை மட்டும் சொல்லுங்கள். நர்ஸ் வலது கண்கட்டை மாற்ற வந்துவிட்டார். பதிலைப் பெரிய பெரிய எழுத்தாக எழுதுங்கள், அப்பா. இங்கே எனக்குத் தமிழ் படித்துக்காட்ட யாருமில்லை.