பழனியாண்டியின் வரிசை

புக்கிட் செலம்பாவ்
12-8-1943

அன்புள்ள மருதம்மாளுக்கு அழகேசன் எழுதுவது. நான் நலம். கரங்கானில் நீயும் பிள்ளைகளும் உன் அண்ணியும் சுகந்தானே?

ரப்பர் மரங்களை வெட்டிய இடத்தில் இப்போது சோளம் ஆளுயரம் நிற்கிறது. இரண்டு ரகங்களைக் கலந்து, சீக்கிரம் விளையும் விதை எடுக்கிறோம். ஒரு வரிசையில் உச்சிப் பூவை மலருமுன் பிடுங்கிவிட்டால், பக்கத்து வரிசையின் மகரந்தம் வந்து அதன் கதிரில் விழும். ஆளுக்கொரு வரிசை. தலைமாட்டில் அவரவர் பெயர் எழுதிய மூங்கில் குச்சி.

ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு உன் அண்ணன் பழனியாண்டியைக் கொண்டுபோன பின், அவர் வரிசையும் என் பொறுப்பு. சிரிக்காதே, ஒரு வாரமாக நான் காலையில் போகுமுன்பே அங்கே பூ பிடுங்கியாகிவிடுகிறது. கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னேன். "நீயே புடுங்கிட்டு மறந்திருப்பே லா" என்றார். நான் வலது கைக்காரன். பூவெல்லாம் இடப்பக்கம் கிடக்கிறது, உன் அண்ணன் போடுவதுபோலவே.

கொஞ்சம் உப்பும், போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும் அனுப்பு. கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது. இதை அண்ணிக்குப் படித்துக் காட்டாதே. அவர் பொட்டு வைத்துக்கொள்ளட்டும்.