அஞ்சலை வீட்டுத் தலைக்கட்டு வரி

என் ஆசை மாப்ளே மாசிலாமணி,

நீ இருக்கிற இடத்தில் ஷிப்ட் இருக்காது என்று நம்புகிறேன். ஒருவேளை இருந்தால், பகல் ஷிப்ட்டே போடச் சொல்லி உன் மச்சான் ஏழுமலை சொன்னதாகச் சொல். என் பேரைச் சொன்னால் எங்கேயும் ஒரு மரியாதை உண்டு.

நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. நினைவஞ்சலிக்கு அப்பா போட்டோ போட்டு நாலு வரி அச்சடிக்கலாம் மாமா என்றாள் உன் மகள் வெண்ணிலா. நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? அல்லது நானா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் அந்த எட்டுக்குள்ளேயே பன்னிரண்டைப் படித்து முடித்தவன் என்று வாத்தியாரே என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதனால் நானே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும்.

உன் கடைசி ஊர்வலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கூட்டத்தின் தலை சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, வால் இன்னும் நம் பிளாக்கை விட்டுக் கிளம்பவில்லை. அன்றைக்கு மைன்ஸில் மண் வெட்டுகிற சக்கர மெஷினே நின்றுவிட்டது. சரி, நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது. "எங்க மச்சான் சொல்றதுல பாதிய கழிச்சிக்கினு, மீதியில பாதிய நம்புங்க" என்று நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாயே, இப்போது கழிப்பதற்கு ஆள் இல்லை மாப்ளே. நான் என்ன சொன்னாலும் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். சொல்லவே பிடிக்கவில்லை.

ரிட்டையர் ஆக இன்னும் சில மாசம்தான் இருந்தது. பகல் ஷிப்ட் முடித்து வந்து, குளித்துவிட்டு, "அஞ்சலை, கொஞ்சம் படுக்கிறன், டீ போட்டா எழுப்பு" என்று படுத்தாய். அவள் டீ போட்டாள். எழுப்பினாள்.

என் தங்கச்சியை உனக்குக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் போட்டது ஒரே ஒரு சண்டைதான். பஜாரில் டீ குடித்தாலும் அதே சண்டை, ஷிப்ட் பஸ்ஸில் ஏறினாலும் அதே சண்டை. டவுன்ஷிப்பில் சாதி இருக்கிறதா, இல்லையா. இருக்கிறது என்பாய் நீ. அதெல்லாம் கம்மாபுரம் பக்கம் நம் காலனியோடு போயிற்று என்பேன் நான்.

என் கட்சிக்கு ஆயிரம் சாட்சி வைத்திருந்தேன். இங்கே ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் எதுவும் கிடையாது, பிளாக் நம்பர்தான். திருநெல்வேலிக்காரன் வீட்டுக்குப் பக்கத்தில் ஆந்திராக்காரன், அவனுக்குப் பக்கத்தில் நாம். நான் மெஷின் ஓட்டுவதைப் பார்க்க வந்த ஜெர்மன்காரன் என் கையைப் பிடித்துக் குலுக்கியவன் அரை மணி நேரம் விடவேயில்லை. நீ எந்தத் தெரு என்றா கேட்டான்? குழிக்குள் இறங்கிவிட்டால் நிலக்கரித் தூசியில் எல்லாரும் ஒரே நிறம் என்று சொன்னேன்.

"மேல ஏறிக் குளிச்சப்புறம் மச்சான்?" என்று கேட்டாய்.

"குளிச்சா அழுக்குதான் போவும். சிநேகிதமா போயிடும்?"

"கரி போற பெல்ட்டுக்கு அடியில சேறு வழிக்கிற கான்ட்ராக்ட் ஆளுங்கள நின்னு பாரு. எல்லாரும் எந்தத் தெருவுலேருந்து வராங்கன்னு பாரு."

"வேலை கேட்டு வந்தாங்க, கான்ட்ராக்டரு குடுத்தாரு. இன்னாருக்கு இன்ன வேலைன்னு எங்கியாவது எழுதி வெச்சிருக்கா?"

"எழுதி வெச்சிருந்தா அழிச்சிடலாமே மச்சான்" என்றாய். டீக்கடைக்காரர் அதற்குச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்து அன்றைக்கு என் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் பெரிய சாட்சி கஜேந்திரன். உன் குவார்ட்டர்ஸுக்கும் அவன் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் ஊர்த்தெருக்காரன், மைன்ஸுக்கு நிலத்தைக் கொடுத்து வேலைக்கு வந்த குடும்பம். அவன் பிள்ளைகள் நம் அஞ்சலை வைத்த மீன் குழம்பில்தான் வளர்ந்தார்கள். அவன் பொண்டாட்டி பத்மா, அஞ்சலையைக் கேட்காமல் ஒரு புடவை எடுத்ததில்லை. இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "அது கம்பெனி கட்டின செவுரு மச்சான். நம்பர்படி வூடு குடுத்தாங்க, பக்கத்துல வந்து நின்னோம். அவங்களா எடம் வாங்கி, அவங்களா செவுரு கட்டும்போது பாப்பம்" என்றாய்.

நான் பார்த்துவிட்டேன் மாப்ளே. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

ரிட்டையர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள் எல்லாரும் டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே மனை வாங்கிப் போனார்களே. கஜேந்திரனும் ஒரு நகரில் வீடு கட்டி, மாடியில் ஒரு போர்ஷன் போட்டிருந்தான். நீ போன பிறகு, நம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய கெடு நெருங்கியபோது, பத்மாதான் ஓடி வந்தாள். "அக்கா, நீ எங்கியும் போவக்கூடாது. மேல வூடு உனக்குத்தான்" என்று அஞ்சலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாடகைக்கு வேறு ஆளைக்கூடப் பார்க்கவில்லை. பொங்கல் கழிந்து குடி போனோம். பால் காய்ச்சிய அன்றைக்கு உன் போட்டோவை ஆணியில் மாட்டிவிட்டு, "பாத்தியா மாப்ளே, ஜெயிச்சது யாரு?" என்று கேட்டேன். வெண்ணிலா திட்டினாள்.

ஆடி பிறந்தது. அந்த நகரில் ஒரு மாரியம்மன் கோயில் கட்டியிருக்கிறார்கள், பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு நகர் சங்கம் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்கும். சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. கொடுத்த குடும்பத்தின் பேரை மைக்கில் வாசிப்பார்கள். சாமி ஊர்வலம் அந்த வாசலில் நிற்கும். சங்கத்துச் செயலாளர் வேறு யாருமில்லை, கஜேந்திரன்.

நம் ஊரில் உன் அப்பாவிடமோ என் அப்பாவிடமோ யாரும் வரி கேட்டதில்லை. ஊர் வரி ஊர்த்தெருவோடு முடிந்துவிடும். காலனி வாசலுக்குச் சாமி வராது. இப்போதுதான் முதல் தடவையாக நம் குடும்பத்தில் ஒருத்தி வரி கொடுக்கிற இடத்துக்கு வந்திருக்கிறாள் என்று நான் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன். நாற்பது பேர் என்றே வைத்துக்கொள். அஞ்சலை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவுரு பேர மைக்குல சொல்லச் சொல்லுண்ணா. மாசிலாமணி குடும்பம்னு. அவுரு இந்தத் தெருவுல ஒரு நாளும் இருந்ததில்ல. பேராவது வரட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை குளித்து, வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்துக்கொண்டு, மாடிப்படி மேலே நின்றாள். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சங்கத்துக்காரர்கள் தெரு முனையிலிருந்து ஒவ்வொரு வீடாக வந்தார்கள். எதிர் வீட்டில் வாங்கினார்கள். கீழ் வீட்டில் பத்மாவிடம் வாங்கினார்கள். படியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தட்டு அவள் கையிலேயே இருந்தது. நான்தான் பேசினேன். என்னால் சும்மா இருக்க முடியுமா? "வருஷம் திரும்பாத துக்க வூடும்மா இது. துக்க வூட்ல வரி கேக்கக்கூடாதுன்னு மரியாதையா விட்டுட்டுப் போறாங்க. படிச்ச ஆளுங்க இல்லியா, எல்லாம் நெனப்புல வெச்சிருக்காங்க. இந்த மாதிரி மரியாதைய நான் எங்கியும் பாத்ததில்ல" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போலத் தெரிந்தது. அஞ்சலையும் தலையாட்டினாள்.

குறிஞ்சிப்பாடி லேப்புக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வெண்ணிலா, உள்ளேயிருந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "மாமா, எதிர் வூட்டு ஆயா செத்து மூணு மாசம்கூட ஆவல. அவங்களும் துக்க வூடுதான். அவங்ககிட்ட மட்டும் ஏன் வாங்கினாங்க?"

அவள் உன் மகள் மாப்ளே. குரலே உன் குரல்.

அஞ்சலை தட்டை என்னிடம் கொடுத்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கஜேந்திரன் வரி வாங்கி முடித்து வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "ஒக்காருங்கண்ணே, காப்பி சாப்பிடுங்க" என்றான்.

"காப்பி இருக்கட்டும். மேல வூட்டு வரிய மறந்துட்டியே கஜேந்திரா. பெரிய வேலையா இருந்திருப்ப, பரவால்ல, நானே எடுத்தாந்துட்டன்."

அவன் தட்டை வாங்கவில்லை. இரண்டு கையாலும் மெதுவாக என் பக்கமே தள்ளினான். "அண்ணே, உங்களுக்குத் தெரியாததா. என் மனசுல ஒண்ணும் கெடையாது. அக்காவுக்கு வூடு குடுத்தது யாரு, நான்தான? தண்ணியில கொறையா, கரண்ட்ல கொறையா? இது சங்கத்து விஷயம். வழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல."

"கோயிலுக்குப் பெயிண்ட்டே இன்னும் காயல. அதுக்குள்ள எங்கேருந்துப்பா வந்திச்சு வழக்கம்?"

"நான் ஒருத்தன் முடிவு பண்றதாண்ணே? வரி வாங்கினா ஊர்வலம் நிக்கணும், கூட்டத்துல ஒக்கார வெக்கணும். நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாங்க. விடுங்கண்ணே. பணம் மிச்சம்னு நெனச்சிக்குங்க."

கம்பெனி சேர்மனிடமே நேருக்கு நேர் பேசியவன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன், அந்தத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் மாப்ளே. நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன் அவன். சுடுகாடு வரைக்கும் ஆள் மாற்றவே விடவில்லை. இதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் பார்த்தார்கள். உன்னை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். அந்தக் கைதான் தட்டைத் தள்ளியது. இதில் எது பொய் மாப்ளே? அன்றைக்கு அழுதது பொய்யா? பொய் இல்லை என்று சத்தியம் செய்வேன். அப்படியானால் இது எங்கே இருக்கிறது? அவனுக்குள்ளே இல்லை என்கிறான். எழுதியும் வைக்கவில்லை. சங்கத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் மற்ற நாலு பேர் மேல் கை காட்டுகிறார்கள். எந்த வீட்டுக் கதவை நான் தட்டுவது?

நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பாய். நானும் அதற்கு எதிராக ஒன்றைச் சொல்லியிருப்பேன்.

திருவிழா அன்று மைக்கில் பேர்களை வாசித்தார்கள். அஞ்சலை சமையல்கட்டு ஜன்னல் பக்கம் நின்று கடைசிப் பேர் வரைக்கும் கேட்டாள். அதற்குப் பிறகு பத்மா ஒரு தூக்குவாளி நிறையக் கூழ் எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா, என்மேல கோவமா?" என்றாள்.

அஞ்சலை கூழை வாங்கிக்கொண்டாள். "நீ குடுக்கறத என்னிக்கும் வாங்கிக்குவன் பத்மா. நான் குடுக்கறத வாங்கச் சொல்லு" என்றாள். பத்மா முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

இந்த வீடே வேண்டாம், வடலூர் பக்கம் அரண்மனை மாதிரி வீடு பார்க்கிறேன், எனக்குத் தெரியாத ஆளா என்று நான் குதித்தேன். உன் பொண்டாட்டி உட்காரச் சொன்னாள். "அங்க மட்டும் வரி வாங்குவாங்களாண்ணா?" என்றாள். பிறகு, "மாசம் பொறந்தா வாடகை குடுக்கறன். தெனம் படியேறி எறங்கறன். நான் எதுக்குப் போவணும்? நான் இங்கதான் இருப்பன்" என்றாள். வெண்ணிலா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த இரண்டு பேரையும் பார்த்தபோது, உன்னை உலுக்கி எழுப்ப வேண்டும் போல இருந்தது. எழுப்பி என்ன சொல்வேன்? தெரியவில்லை. வா என்று மட்டும் சொல்லியிருப்பேன்.

மாப்ளே, தோற்றுவிட்டேன் என்று எழுதச் சொல்லாதே. சண்டை முடிந்துவிட்டால் உன்னோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது? சாதி போகும் என்று இன்னும் சொல்வேன். ஆனால் அது தானாகவே போயிற்று என்று சொன்னேனே, அதை மட்டும் எடுத்துவிடுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தச் சங்கம் மாசா மாசம் கோயில் வாசலில் கூட்டம் போடுகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தத் தட்டோடு போய் நிற்பேன். நாற்காலி போடாவிட்டால் நின்றுகொண்டே இருப்பேன். ஜெர்மன்காரன் கதை சொல்லமாட்டேன், சேர்மன் கதை சொல்லமாட்டேன். "என் தங்கச்சி வூட்டு வரிய வாங்குங்க, மாசிலாமணி குடும்பம்" என்று மட்டும் சொல்வேன். வாங்குகிற வரைக்கும் சொல்வேன். எனக்குப் பிறகு வெண்ணிலா வந்து நிற்பாள். அவளிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றாள்.

உன் பிள்ளைக்குத் தாய்மாமனும், உன் அஞ்சலைக்கு அண்ணனும், உனக்கு என்றைக்கும் எதிர்க்கட்சியுமான
உன் மச்சான் ஏழுமலை