ஒரே ஒரு சாக்கு

செவ்வாய், இரவு.

ரோலர் ஓட்டும் முருகேசனின் வலது பாதத்தில் ரத்த ஓட்டம் இன்னும் திரும்பவில்லை. மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் எட்டரைக்குச் சொன்னார்.

இன்று வ. புதுப்பட்டி கண்மாய்ச் சேற்றில் புதைந்த ரோலரை, டிராக்டரில் செயின் கட்டி இழுத்தார்கள். அறுந்தால் செயின் வீசி அடிக்கும். அதனால் அதன்மேல் ஈரச் சாக்கைப் போடுவார்கள். இருந்தது ஒரே சாக்கு.

"செயின் மேல போடுங்கண்ணே," என்றார் ரோலர் சீட்டில் இருந்த முருகேசன்.

"ஏலே, செயினுக்குக் குளிருதாக்கும்? டயருக்கு அடில போட்டாத்தான் வண்டி ஏறும்," என்றார் காண்ட்ராக்டர்.

செய்தி எடுக்கப் போன நான்தான் சாக்கை ரோலரின் பின் டயருக்கடியில் திணித்தேன். இரண்டாவது இழுப்பில் செயின் அறுந்து முருகேசனின் வலது காலில் அடித்தது.

அவர் மனைவி போனில் கேட்டார்: "அண்ணே, நீங்க பக்கத்துலதான நின்னீய, என்னதான் நடந்துச்சு?"

காலையில் சொல்வதாகச் சொன்னேன். அவர் காலை வெட்டி எடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டர்கள் நாளை பத்து மணிக்குச் சொல்வார்கள்.