இடது பக்கம் ஒடித்தால் வரும் சத்தம்

என் செல்ல முரட்டு அண்ணே,

உன் பிக்கப் வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "யாரக் கேட்டுடி சாவிய எடுத்த?" என்று கத்துவாய். அசாம் ஜாவாவில் நம் துண்டு நிலத்துச் செம்பனைக் குலைகளை வேறு யார் எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போய்ப் போடுவது? நீ பாட்டுக்குப் போய்விட்டாய். பழுத்த குலை துக்கம் முடியட்டும் என்று காத்திருக்குமா?

அன்றைக்கு எஸ்டேட் சாலையில் ஆட்கள் உன்னைக் கண்டபோது வண்டியின் இடது முன் டயர் சிமெண்டுக் கால்வாயில் இறங்கி நின்றது. நீ ஸ்டீரிங்மேல் சாய்ந்திருந்தாயாம். மாரடைப்பு, உடனே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். "ஒன்னும் தெரியாமப் போயிட்டான்மா, தூங்குற மாதிரி." அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா உன் கருமாதி வரைக்கும் எழுந்து நடமாடினார்.

வண்டிக்கு ஒன்றுமில்லை, பம்பரில் கீறல்தான் என்றார்கள். ஆனால் நான் ஓட்டத் தொடங்கியதும், இடது பக்கம் ஒடித்தால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். நேராகப் போனால் வராது. குலை ஏற்றியிருந்தால் இன்னும் பலமாக வரும். முதல் தடவை கேட்டதுமே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்தான்டி. வண்டிய விட்டுப் போக அவனுக்கு மனசு வரல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடைக்கும் அம்மா கூடவே வந்தார். உனக்குக் கோப்பி வாங்கி, பிளாஸ்டிக் பையோடு ஸ்டீரிங் பக்கத்துச் சிக்னல் கம்பியில் தொங்கவிட்டார். முனியாண்டி கோயில் பூசாரியைக் கூப்பிட்டுப் படையல் வைத்தோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, சத்தம் நசுங்கவில்லை. பூசாரிக்கும் சொல்ல வேண்டியது தெரியும், ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள் என்று. ஆனால் அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"என் பிள்ளைய ஸ்பேனர் வச்சு விரட்டப் போறியா?" என்று கேட்டார் அம்மா.

சத்தத்தோடேயே ஓட்டினேன், அண்ணே.

போன மாதம் ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தது. இடது டயர் உள்பக்கமாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பது அம்மா. செத்துப்போன உன்னை வைத்துக்கொள்வதற்காக உயிரோடு இருப்பவரைப் பறிகொடுக்க முடியுமா? சுங்கை பெசாரில் மீன் வாங்கலாம் என்று அழைத்துக்கொண்டு, நேராக உன் கூட்டாளி நாதன் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் போய் நிறுத்தினேன்.

அம்மா இறங்க மறுத்துவிட்டார். நாதன் அண்ணனும் வற்புறுத்தவில்லை. "நீங்களே உட்கார்ந்து ஸ்டீரிங்க ஒடிங்கம்மா" என்று ஓட்டுநர் இருக்கைக்கு நகர்த்திவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். முதலில் குறுக்குக் கம்பியின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஒடிக்கச் சொன்னார். சத்தம் போகவில்லை. பிறகு ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இங்க கைய வை, தங்கச்சி."

வைத்தேன். மேலே அம்மா ஒடித்தார். உள்ளங்கையில் 'டொக்' என்று இடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா சொன்னது உண்மையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று அந்த நொடி நினைத்தேன்.

"டயரத் தாங்குற கீழ் பால் ஜாயின்ட் போச்சு. இது கழண்டா டயர் அப்படியே மடங்கிப் படுத்துரும்லா. இவ்வளவு நாள் ஓடினதே பெரிசு." அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். டார்ச்சை அடித்து, இரும்பில் சிமெண்டு உரசிய தடத்தைக் காட்டினார். "கால்வாயில விழுந்த அடி. தானா உருண்டு நேரா விழுந்திருந்தா இந்த இடத்துல படாது. முழுசா ஒடிச்ச டயர்தான் இப்படி வாங்கும். அவன் ஓரங்கட்டப் பார்த்திருக்கான்."

உன்னைப் பெருமையாகச் சொல்வதாகத்தான் நினைத்தார், பாவம். கண்ணாடி இறக்கியிருந்தது. மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தூங்குற மாதிரி போகல."

அம்மா கதவைத் திறந்து தானாகவே இறங்கி, ஓரத்தில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்க ஜாயின்ட்டையும் தேய்ந்த டயரையும் மாற்றி, சக்கரத்தை நேர்படுத்தி முடிக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் விரட்டுகிறாய் என்று என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

வரும் வழியில் எல்லா வளைவிலும் வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. இரண்டு பக்கமும் வயல், நடுவில் நாங்கள். தஞ்சோங் காராங் தாண்டியதும் அம்மா கேட்டார்.

"அந்த நேரத்துல யாரக் கூப்பிட்டிருப்பான்?"

உன் கைபேசியை நான் அன்றைக்கே பார்த்தேன். நீ யாரையும் அழைக்கவில்லை. ஆனால் அம்மா கேட்டது அதை இல்லை. வண்டிக்குள் தனியாக, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாய்விட்டு யார் பெயரைச் சொன்னாய்? அம்மாவென்றா? எவ்வளவு நேரம்? யாருக்காவது கேட்கும் என்று நினைத்தாயா?

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. அம்மா அதில் ஏறுவதில்லை. வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யாராவது கூப்பிட்ட மாதிரி அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறார்.

உனக்குச் செய்ய முடியாததை அவருக்குச் செய்வேன். அந்த நேரம் வரும்போது அம்மா தனியாக இருக்கமாட்டார், அண்ணே. மெல்லக் கூப்பிட்டாலும் கேட்கிற தூரத்தில் நான் இருப்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி